எரிந்த காரும் அவசரக் கையெழுத்தும்

காட்பாடியில் ஒரு ஷெட்டில் ஏ.சி. ஒயரிங் வேலைக்காக விட்டிருந்த என் கார், அன்றிரவே தீப்பற்றி எரிந்துவிட்டது. தீயால் வந்த நட்டத்தைவிட, அடுத்த நான்கு நாள்களில் நான் ஏமாந்ததால் வந்த நட்டமே பெரிது என்பதால் இதை எழுதுகிறேன்.

மறுநாள் ஷெட் உரிமையாளர் மிகுந்த பரிவுடன் பேசினார். பேசிக்கொண்டே, இடத்தை அடைக்கிறது என்று கருகிய ஒயர்களையும் பேட்டரியையும் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார். பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேரடியாக இணைப்புக் கொடுத்திருந்தார்களா என்பதைக் காட்டக்கூடிய பொருள் எதுவும் சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது அங்கே இல்லை. அன்றிரவு என் தம்பி மகன் கைப்பேசியில் எடுத்த மூன்று படங்கள்தான் மிச்சம்.

நான்காம் நாள் ஷெட் உரிமையாளர் ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இழப்பீடு தரும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு, தவறு செய்தவரிடமிருந்து அத்தொகையை வசூலிக்க நம் இடத்தில் நின்று வழக்காடும் உரிமை உண்டு. அந்த உரிமையை நானே கையெழுத்திட்டுப் பறிகொடுத்துவிட்டதாகக் கூறி, என் கோரிக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"வண்டிகள் உரிமையாளர் பொறுப்பில்" என்று ஷெட் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து, கேட்கவே வழியில்லை என்று நினைத்ததும் என் அறியாமைதான். ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் பாதுகாக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு. ஓட்டல் ஒன்றில் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், இத்தகைய வாசகம் கவனக்குறைவுக்குக் கேடயமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. இதையெல்லாம் வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டது, பணத்தை வாங்கிச் செலவழித்த பிறகு.

இப்போது வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தயாராகிறது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேவைக்காக நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஷெட்டில் பில் தரவில்லை என்பதால், முன்பணம் அனுப்பிய வங்கிப் பதிவைத்தான் ஆதாரமாகச் சேர்க்கிறோம்.

எரிந்த கூடு இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதற்கு நாள் வாடகை கேட்டு ஷெட் உரிமையாளர் நேற்று ஆள் அனுப்பினார்.