ஏற்காட்டு ஈரத்தில் இரும்புக் கத்தி: எந்த எண்ணெய் நிற்கும்?

சேலம் டவுனில் இரும்புக் கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தாலே பெரும்பாலும் போதும். அதையே மழைக்காலத்தில் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் அப்படியே விட்டுப் பாருங்கள், காலையில் விளிம்போரம் செம்புள்ளி விழுந்திருக்கும். அங்கே எண்ணெய் பூசியே ஆகவேண்டும்.

நல்லெண்ணெயை நான் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் கழுவிப் புழங்கும் கத்திக்குப் பரவாயில்லை, ஆனால் தடவி மாதக்கணக்கில் வைத்தால் காற்றுப் பட்டுப் பட்டு இறுகி, மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, தூசியையும் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் அதைச் சுரண்டுவதே தனி வேலை.

தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. பலாப்பழம் அறுக்கும்போது பால் ஒட்டாமலும் காக்கும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பித்துவிடும், மார்கழியில் மலைமேல் அதைத் தடவினால் அலகில் திட்டுத்திட்டாக நிற்கும், நடுவே வெறும் இரும்பு தெரியும், துரு அங்கேதான் பிடிக்கும். உள்ளங்கையில் தேய்த்து உருக்கிப் பூசினால் சரியாகப் பரவும். நாளானால் காறல் வாடை வரும் என்பதால் தினசரிக் கத்தியோடு இதை நிறுத்திக்கொள்ளலாம்.

எடுத்து வைக்கும் கத்திக்கு என் ஓட்டு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாராஃபினுக்குத்தான், வேறு மருந்து எதுவும் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோலியத்திலிருந்து வருவதால் காறவும் காறாது, இறுகவும் இறுகாது. நாலைந்து சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தால் அலகு முழுக்க மெல்லிய மினுமினுப்பு படியும், அது போதும். தையல் மெஷின் எண்ணெயும் இதே வகைதான், ஆனால் சாப்பாட்டுக்கு உகந்ததல்ல. காப்பித் தோட்டத்துக் கவாத்துக் கத்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் கத்தி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். சேலம் உருக்காலை இருக்கிற ஊரில் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் உப்பும் எலுமிச்சைச் சாறும் பட்டுக் கழுவாமல் கிடந்தால் அதிலும் குழிக்குழியாக அரிக்கும். சாதா இரும்பு சாணைக்கல்லில் சீக்கிரம் பதம் ஏறும், எனக்கு அதுதான் முக்கியம்.

மாங்காய் நறுக்கி நறுக்கி அலகில் படியும் கருநீல நிறம் துரு இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அது ஓரளவு காப்பும்கூட. சிவப்பாகப் பொடிப்பொடியாக உதிர்வதைத்தான் புளி வைத்துத் தேய்த்து, உடனே கழுவி, அடுப்பனலில் காட்டி ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். தோலுறைக்குள் மட்டும் போட்டு வைக்கவே கூடாது, அது ஈரத்தை உறிஞ்சி அலகோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.