இருபது சதப் போத்தலும் போர்த்துக்கல் தக்கை மெஷினும்

மூன்று வருடமாக கனடாவில், ஸ்காபரோ வீட்டுக் கராஜில் வைன் போடுகிறேன். 23 லீட்டர் கிட் (திராட்சைச் சாறும் ஈஸ்டும் சேர்ந்த பெட்டி) ஒன்று போட்டால் 30 போத்தல் வேண்டும், அதில் ஒன்றுகூட நான் புதிதாக வாங்கியதில்லை. ஒன்ராறியோவில் 2007இலிருந்து வைன் போத்தலுக்கு வைப்புக்காசு இருக்கிறது, வழமையான 750 மில்லிலீட்டர் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 20 சதம். முப்பதையும் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆறு டொலர்தான் வரும், அதே முப்பதைப் புதிதாக வாங்கப்போனால் அதைப்போல எத்தனையோ மடங்கு. ஆகவே யார் வீட்டுக் கலியாணமென்றாலும் மண்டபம் கூட்டும் நேரம் நான் வெறும்போத்தல் பொறுக்கிக்கொண்டு நிற்பேன். "தம்பி, இவ்வளவும் நீயே குடிச்சனி?" என்று ஒரு மாமி கேட்டதிலிருந்து, பெட்டியைக் காரில் ஏற்றி முடியும்வரை மனைவி என்னைத் தெரியாதவர்போலத் தள்ளி நிற்கிறார்.

போத்தல் இலவசம், சரி. தக்கை அடிப்பதுதான் பாடு. முதல் இரண்டு வருடமும் இரண்டு கைப்பிடியுள்ள சின்னக் கருவியை வைத்து அடித்தேன். ஒருவர் போத்தலை முழங்காலுக்கிடையில் இறுக்கிப் பிடிக்க, மற்றவர் இரண்டு பிடியையும் முழுப் பலத்தோடு அமத்த வேண்டும், தக்கை பாதியில் நின்றால் அவ்வளவுதான். 9ஆம் இலக்கத் தக்கை 24 மில்லிமீட்டர் அகலம், போத்தல் வாய் உள்ளே 18.5 அளவில்தான் இருக்கும். அந்த வித்தியாசம் முழுவதையும் உங்கள் தோள்மூட்டுத்தான் தாங்கும். அதனால்தான் கைக்கருவி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மெலிந்த 8ஆம் இலக்கத்துக்குப் போகிறார்கள், நானும் போனேன், படுக்க வைத்த சில போத்தல்கள் மெதுவாகக் கசிந்தன.

இந்தக் குளிர்காலம் போர்த்துக்கலில் செய்த, நிலத்தில் வைத்து அடிக்கும் மெஷினைப் பாவித்த விலைக்கு வாங்கினேன். போத்தலை ஸ்பிரிங் தட்டில் நிறுத்தி, தக்கையைப் போட்டு, நீளமான பிடியை ஒருமுறை கீழே இழுத்தால் சரி. தாடைகள் தக்கையை முதலில் நாலாபக்கமும் நெரித்து ஒடுக்கிவிட்டுப் பிறகுதான் கம்பி உள்ளே தள்ளுகிறது. 9ஆம் இலக்கத்தையே என் பத்து வயது மகள் அடித்தாள். 30 போத்தலுக்குப் பதினைந்து நிமிடம், தனி ஆளாக. எவ்வளவு ஆழத்துக்குப் போகவேண்டும் என்பதைக் கம்பியில் உள்ள திருகில் ஒருமுறை சரிபண்ணிவிட்டால் எல்லாத் தக்கையும் வாயோடு மட்டமாக நிற்கும்.

குறையும் உண்டு. தாடை பிளாஸ்டிக், இத்தாலி மெஷினில் பித்தளை. என்னுடையதில் பத்துக்கு ஒரு தக்கையில் விளிம்போரம் ஒரு மடிப்பு விழுகிறது, இதுவரை எதுவும் கசியவில்லை, ஆனாலும் கண்ணில் உறுத்துகிறது. சல்பைட் (கிருமி கொல்லும் தூள்) கரைத்த தண்ணீரில் நனைந்த தக்கையைச் சொட்டச்சொட்டப் போட்டால் இரும்புப் பகுதி துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் துடைத்து வையுங்கள்.

திருகுமூடிப் போத்தலை இதில் வைக்காதீர்கள். சொன்னார்கள், நான் கேட்கவில்லை. அந்தக் கழுத்துக் கண்ணாடி தக்கைக்காகச் செய்ததல்ல. 'டக்' என்று ஒரு சத்தம், கழுத்தைச் சுற்றி மயிர் போல ஒரு கோடு, பார்த்துக்கொண்டிருக்கவே சிவப்பாகக் கசிய ஆரம்பித்தது. கண்ணாடித்தூள் விழுந்திருக்கலாம் என்று ஒரு போத்தல் மெர்லோவை அப்படியே ஊற்றிவிட்டேன். திருகுமூடிப் போத்தல் கிடைத்தால் அதன் பழைய மூடியையே கழுவித் திருகி, இரண்டு மாதத்துக்குள் குடிக்கிற வைனுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் மெல்லிய பஞ்சு ஒருமுறை அமுங்கினால் பழையபடி இறுகாது.

பாவித்த தக்கையைத் திரும்ப அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். திறப்பான் போன துளை இருக்கும், உள்ளே பூஞ்சணம் இருந்தால் எந்த மருந்தும் போய்ச்சேராது, அவித்தால் தக்கை இறுக்கம் கெட்டுவிடும். முதல் வருடம் ஆசைப்பட்டு இரண்டு போத்தலுக்கு அடித்தேன், இரண்டும் புளித்து வினாகிரியாகிச் சாலட்டுக்குப் போயின. புதுத் தக்கை ஒன்று சில சதம்தான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒருமுறை மூன்று தக்கை தானாக மேலே ஏறிவிட்டது. மெஷினைத் திட்டினேன். பிழை என்னுடையது, வைன் நொதிக்கும்போது உண்டான வாயுவை ஒழுங்காகக் கலக்கி வெளியேற்றாமல் போத்தலில் விட்டிருந்தேன். தக்கைக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் இடமும் விடுங்கள், அடித்தபின் மூன்று நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

எந்த மெஷினும் செய்துதராத வேலை கழுவுவதுதான். குளியல்தொட்டியில் சுடுதண்ணீரும் சலவைச் சோடாவும் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டால் கடதாசி லேபிள் காலையில் தானாக மிதக்கும், பிளாஸ்டிக் லேபிளின் பசைக்குச் சமையல் எண்ணெயும் பிளேடும்தான். பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்து அடியைப் பார்க்க வேண்டும். மண்டபத்துப் போத்தல் ஒன்றில் சிகரெட் துண்டு, இன்னொன்றில் பல்லுக்குத்தும் குச்சி. அடியில் பூஞ்சணம் காய்ந்து ஒட்டியதை நான் கழுவவே முயல்வதில்லை, நேரே இருபது சதத்துக்கு.

மச்சான் மெஷினை இரவல் கேட்டிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை 60 போத்தல் ஊறுகிறது, கழுவ வந்தால் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.