நாலு கேமரா டிவிஆர் செட்: தெருவுக்கு வாங்கினால் மாற்ற வேண்டியவை

குடியிருப்போர் சங்கத்துக்குச் சிசிடிவி வேண்டும் என்று நாகர்கோவில் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்து வைப்பார்கள்: 2 மெகாபிக்சல் புல்லட் கேமரா நாலு, படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, 1 டிபி ஹார்ட்டிஸ்க், 90 மீட்டர் 3+1 கேபிள் (வீடியோ கம்பியும் கரண்ட் கம்பியும் ஒன்றாக வருவது), பவர் சப்ளை. கடைக்குள் மாட்ட நல்ல செட். அப்படியே முடுக்கில் மாட்டினால் ஓர் ஐப்பசியைத் தாண்டுவது கஷ்டம்.

முதல் குறை லென்ஸ். நாலும் 2.8 எம்எம். இந்த எண் சிறிதானால் அகலமாகக் காட்டும், பெரிதானால் தூரத்தை நெருக்கிக் காட்டும். ஃபோனில் பார்த்தால் முடுக்கு முழுக்கத் தெரியும், சங்கத்தில் எல்லாருக்கும் திருப்தி. ஆனால் முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடிவது மூன்று, நாலு மீட்டர் வரைதான். அதற்கு அப்பால் கட்டியிருப்பது வேட்டியா லுங்கியா என்று சொல்லலாம், அவ்வளவுதான். முடுக்கு வாசலுக்கு இரண்டு 6 எம்எம் கேட்டு வாங்குங்கள். பத்தடிக்கு மேல் ஏற்றினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். இரவில் பைக் நம்பர் விழும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம், ஹெட்லைட் கூச்சத்தில் ஒன்றும் தெரியாது.

பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து வரும். உடனே கேமராவை மாற்றிவிடுவார்கள், அது வீண் செலவு. இருட்டினால் கேமராவுக்குள் இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும், கரண்ட் கூடுதலாக இழுக்கும். 3+1-க்குள் இருக்கும் மெல்லிய கம்பியில் 50, 60 மீட்டர் போவதற்குள் 12 வோல்ட் இறங்கிவிடும். கேமரா ரீஸ்டார்ட் ஆகும், ஐஆர் எரியும், மறுபடி அதே கதை. 30 மீட்டருக்கு மேல் போகும் கேமராவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்தே தனி 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் போதும்.

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று, வீடியோ கேபிளின் முனையில் இருக்கும் பிஎன்சி கனெக்டரைத் தின்றுவிடும். அதன் நடு ஊசியில் பச்சை பூக்கும், படம் கோடு கோடாகும், பிறகு படமே போய்த் திரையில் ‘வீடியோ லாஸ்’ என்று வரும். கனெக்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிள் கீழ்ப்பக்கமாக நுழையும்படி துளை போடுங்கள். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஸ்எஸ்ஸாக (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஒட்டடைக்கம்பால் சிலந்தி வலையைத் தட்டாவிட்டால், ராத்திரி முழுக்க வலையைத்தான் பதிவு செய்யும்.

இடிக்கு அடிபடுவது பெரும்பாலும் டிவிஆரின் வீடியோ போர்ட். கேபிள் வெளியே நீளமாக ஓடும் ஒவ்வொரு சேனலுக்கும் (கேமரா இணைப்புக்கும்) திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் நல்ல எர்த்தும் வேண்டும். இடி விழுந்து போனால் வாரண்டியை நம்பி இருக்காதீர்கள்.

1 டிபி பத்து நாளைக்குத்தான் வரும். கேமராவுக்குப் பிட்ரேட் (நொடிக்குப் பதியும் டேட்டா அளவு) 2 எம்பிபிஎஸ் என்றால் நாலுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 86 ஜிபி. அசைவு இருந்தால் மட்டும் பதியும் மோஷன் ரெக்கார்டிங் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்றால் விளையில் (தோப்பில்) ஆடும் தென்னை ஓலை சும்மா விடாது, அதையும் அசைவு என்று பதிந்துகொண்டே இருக்கும். பாதி வீட்டில் ஆள் வளைகுடாவில். பூட்டிய வீட்டில் திருட்டு போனது மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் பழைய பதிவின்மேல் புதியது எழுதியிருக்கும். 2 டிபி போட்டு, பிட்ரேட்டைக் கொஞ்சம் குறைத்தால் ஒரு மாதம் பக்கத்தில் வரும்.

டிவிஆர் கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளே உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்தால் கரண்ட் போய் வரும்போது தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். போலீஸுக்குப் பதிவைக் கொடுக்கும்போது ஃபோனால் திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், டிவிஆரிலிருந்தே பென்டிரைவில் எடுத்துக் கொடுங்கள். கோர்ட்டில் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி அந்தப் பதிவுக்கான சான்றிதழ் கேட்பார்கள். டிவிஆர் யார் பொறுப்பில் இருக்கிறது என்று சங்க மினிட்ஸில் எழுதி வையுங்கள், சான்றிதழில் கையெழுத்து போட அவர்தான் வர வேண்டியிருக்கும்.