பாத்டப்புக்குக் கண்ணாடித் தடுப்பு போடப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

சென்னையில் நாங்கள் வாங்கிய பழைய பிளாட்டில் பாத்டப் இருக்கிறது. ஷவரும் அதற்கு மேலேயே. யார் குளித்தாலும் வெளியே தரை முழுக்கத் தண்ணீர். போன மழைக்காலத்தில் அந்த ஈரத்தில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கண்ணாடித் தடுப்பு வைக்க முடிவு செய்தோம்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கண்ணாடி மாட்டும் ஆள் ஒருவர் வந்தார். "சார், இது நானே யோசிச்சுப் பண்ண டிசைன். ஒரு சொட்டு வெளிய வராது" என்றார். 8 மி.மீ. டஃபன்ட் (கடினமாக்கிய) கண்ணாடி, அடியில் இரண்டு வரிசை ரப்பர் பட்டை, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். பில் கேட்டால் "அப்புறம் தரேன்".

கண்ணாடி வந்த அன்று அது டப்பின் விளிம்பில் இடித்தது. பால்கனிக்குக் கொண்டுபோய் ஓரத்தை வெட்டினார், கீலுக்கு ஒரு துளையும் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அப்போது தெரியவில்லை. டஃபன்ட் கண்ணாடியை வெட்டவே முடியாது. நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துச் செய்வது அது; ஓரத்தை வெட்டப் போனால் மொத்தமும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். வெட்டுவது, துளையிடுவது எல்லாம் அதற்கு முன்பே ஆலையில் முடிந்திருக்க வேண்டும். எங்களுக்கு மாட்டியது சாதாரணக் கண்ணாடி. உடைந்தால் கத்தி மாதிரி நீளநீளமாக வரும். அறுபத்தெட்டு வயது அம்மா குளிக்கிற இடத்தில் இதை வைத்துவிட்டுப் போனார் என்பதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

தண்ணீராவது நின்றதா? முதல் நாளே கசிந்தது. மூன்று முறை வந்து சிலிக்கான் மேல் சிலிக்கானாக அப்பினார், உள்பக்கமும் வெளிப்பக்கமும். பிறகு பழைய கண்ணாடிக்கடைப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். தடுப்பின் உள்பக்கத்தைச் சிலிக்கானால் அடைக்கக் கூடாதாம். சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் திரும்ப டப்புக்குள் வடிய வழி வேண்டும்; எங்கள் வீட்டில் அது உள்ளேயே தேங்கிச் சுவர் மூலை வழியாக இறங்கியிருக்கிறது. டப்பும் சுவரும் சேரும் இடத்துக்கு, டப்பில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டுதான் சிலிக்கான் போட வேண்டும் என்றார். காலி டப்பில் போட்டால், ஆள் ஏறி நின்றதும் டப் லேசாகத் தாழ்ந்து இடைவெளி விட்டுவிடுகிறது. இதற்குள் கீழ்வீட்டு சீலிங்கில் கறை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, பெயின்ட் செலவையும் ஏற்றுக்கொண்டோம்.

அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் வங்கியில் பணம் போன பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டோம், இப்போது ஷவர் திரைதான். திரை உள்ளே இழுத்து உடம்பில் ஒட்டுமே என்று யோசித்தேன். அது ஏன் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்த டேவிட் ஷ்மிட் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு 2001இல் இக் நோபல் பரிசே (சிரிக்கவும் யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தருகிற வேடிக்கைப் பரிசு) கொடுத்திருக்கிறார்கள். ஷவர் தண்ணீர் உள்ளே ஒரு காற்றுச் சுழலை உண்டாக்க, அதன் நடுவில் அழுத்தம் குறைந்து திரையை இழுக்கிறதாம். வெளிப்பக்கம் வளைந்த கம்பி போட்டதும் அந்தத் தொல்லை குறைந்தது. அடியில் காந்தம் வைத்த திரையை வாங்கிவிடாதீர்கள். எங்களுடையது போல அக்ரிலிக் டப்பாக இருந்தால் ஒட்டாது. அடி மடிப்பில் கனம் வைத்துத் தைத்ததை வாங்கி, டப்புக்குள் ஒரு சாண் இறங்கும்படி தொங்கவிட்டோம். அதிகமாகத் தெறித்தது இரண்டு சுவர் ஓரங்களிலும்தான். அங்கே திரையைப் பிடித்துக்கொள்ள ஓரத்துக்கு ஒரு கொக்கி. மொத்தம் 2,900 ரூபாய். தரை காய்ந்திருக்கிறது.

கண்ணாடியேதான் வேண்டும் என்றால், மூலையில் ஐ.எஸ். 2553 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்ட விடுங்கள். ஷவரைத் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கும் வரை பாதிப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

கழற்றிய கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். அவர் வெட்டிய ஓரம் அதில் அப்படியே இருக்கிறது, ஆணையத்தில் காட்ட வேண்டும்.