சி டிரைவ் நிரம்பினால் ஸிப் கைகொடுக்குமா?

சி டிரைவின் கோடு சிவந்ததும் பலரும் முதலில் நினைப்பது, கோப்புகளை அமுக்கிச் சுருக்கும் ஸிப்பைத்தான். ஆனால் திருகோணமலையில் ஒரு வீட்டுக் கணினியை நிரப்புவது எது? கோணேசர் கோயில் தேர் வீடியோ, நிலாவெளியில் எடுத்த படங்கள், கனடாவிலிருந்து வந்த கல்யாண அல்பம், வட்சப்பில் குவிந்தவை. இவற்றை ஸிப் பண்ணுவது வீண் மினக்கேடு. ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் கமராவிலேயே சுருக்கப்பட்டுத்தான் வெளிவருகின்றன. 10 ஜிபியை எவ்வளவு அமுக்கினாலும் சில நூறு எம்பி குறைந்தால் பெரிது. டொக்எக்ஸ் கோப்பும் அப்படித்தான், உள்ளுக்குள் அதுவே ஒரு ஸிப்.

இன்னொரு சிக்கல், ஸிப் உருவாகும்போது பழைய கோப்பும் அப்படியே இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கவே முதலில் இடம் வேண்டும். 3 ஜிபி மிஞ்சிய டிரைவில் 10 ஜிபி வீடியோவை ஸிப் பண்ணினால் நடுவில் இடம் காணாது என்று நிற்பது இதனால்தான். வெளி டிஸ்கிலோ பென்டிரைவிலோ உருவாகும்படி பாதையை மாற்றினால் தீரும். அங்கேயும் 4 ஜிபியில் நின்றால், அந்த பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்ட ஏலாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபோர்மட் செய்யலாம் (உள்ளே இருப்பது போய்விடும்), இல்லாவிட்டால் 7-ஸிப்பில் துண்டு துண்டாகப் பிரித்துப் போடலாம்.

ஸிப்புக்கு ஏற்ற சரக்கும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய டொக் கோப்புகள், பிஎம்பியாகச் சேமித்த ஸ்கேன்கள், சிஎஸ்வி கணக்குகள் எல்லாம் நன்றாகவே சுருங்கும்.

அடுத்த போட்டியாளர் விண்டோஸின் உள்ளேயே இருக்கிறது: டிரைவின் ப்ரொபர்ட்டீஸில் முழு டிரைவையும் சுருக்கும் அந்தச் சிறு பெட்டி. எதையும் திறந்து மூட வேண்டியதில்லை என்பதால் ஸிப்பைவிட வசதி. படம், வீடியோ விஷயத்தில் இதுவும் தோற்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் கோப்புகளைச் சிதறடித்து வேகத்தையும் குறைக்கும். சி டிரைவை இப்படிச் சுருக்கி, தொடக்கக் கோப்பும் அகப்பட்டு, கணினி எழும்பாமல் போன கதைகள் விண்டோஸ் 7 காலத்தில் ஏராளம். பழைய ஆவணங்கள் உள்ள ஒரு ஃபோல்டருக்கு மட்டும் போடலாம். சி டிரைவ் முழுவதற்கும் வேண்டாம்.

என் ஓட்டு வேண்டாத கோப்புகளைத் துடைப்பதற்குத்தான். முதலில் விஸ்ட்ரீ அல்லது வின்டர்ஸ்டாட் என்ற மென்பொருளை ஓடவிட்டு எது பருத்திருக்கிறது என்று பாருங்கள். ஐடியூன்ஸ் எடுத்துவைத்த பழைய ஐஃபோன் பேக்கப் பல பத்து ஜிபி இருக்கலாம், ஒருவர் கண்ணிலும் படாது. ஹைபர்னேட் கோப்பு (கணினி உறங்கும்போது ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவைப்பது) பொதுவாக ரேமில் 40 சதவீதம், 8 ஜிபி ரேம் என்றால் 3 ஜிபிக்குமேல். ஹைபர்னேட்டை நிறுத்தினால் அது போய்விடும், கூடவே கணினி வேகமாக எழும்ப உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போகும். பெரிய அப்டேட் விட்டுச்செல்லும் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழிக்கலாம், பிறகு முந்தைய பதிப்புக்குத் திரும்ப ஏலாது. டிஸ்க் கிளீனப்பில் எல்லாப் பெட்டியிலும் சரி போடுகிறவர்களுக்கு ஒன்று: விண்டோஸ் 10இன் சில பதிப்புகளில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அந்தப் பட்டியலில் இருக்கும், அதுவும் சேர்ந்து அழியும். நீங்களே டிலீட் செய்து ரீசைக்கிள் பின்னுக்குப் போன கோப்புகளோ, அதைக் காலியாக்காதவரை ஒரு எம்பியும் திருப்பித் தராது.

துடைத்த பிறகும் காணாதென்றால் வீடியோக்களை வெளி டிஸ்குக்கு மாற்றுவதுதான் வழி. 1 டிபி வாங்கினால் கணினி 931 ஜிபி என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு. கடற்காற்றில் யூஎஸ்பி முனை துருப்பிடிக்கும், மூடிய டப்பாவில் வையுங்கள். கட் செய்யாமல் கொப்பி செய்து, திறந்து பார்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள். அழித்த பிறகு அந்த டிஸ்கில் இருப்பது ஒரே பிரதி என்பதால், விலைமதிப்பான படங்களுக்கு இன்னொன்றும் வேண்டும்.

கிளவுட்? கூகுளின் இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். தேர் வீடியோவுக்கே அது காணாது. மைக்ரோசொஃப்டின் கிளவுடான வன்டிரைவ் (OneDrive) வைத்திருப்பவர்கள் இடத்துக்காக அதன் ஃபோல்டரிலிருந்து கோப்பை டிலீட் செய்தால் மேலேயும் அழியும். வலது கிளிக்கில் இருக்கும் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்தினால், கோப்பு மேலே இருக்க, கணினியில் மட்டும் இடம் விடும்.