ஹூஸ்டனில் பழைய எலெக்ட்ரிக் பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு

2024 மார்ச்சில் இங்கே ஒரு பழைய கார் டீலரிடம் 2022 மாடல் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற எலெக்ட்ரிக் பிக்கப் வாங்கினேன். விலை 44,500 டாலர். வண்டியைச் செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விற்றவர் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. புகார் கொடுத்திருப்பதால் டீலர் பெயரைப் போடவில்லை.

இந்த வண்டி இரண்டு பேட்டரிகளில் வந்தது. சின்னது 98 கிலோவாட் மணி, முழு சார்ஜில் சுமார் 230 மைல் போகும். பெரியது 131, சுமார் 320 மைல். விளம்பரத்தில் 'எக்ஸ்டெண்டட் ரேஞ்ச்', அதாவது பெரியது, என்று போட்டிருந்தார்கள். பார்க்கப் போன அன்று திரையில் 61 சதவீதம் சார்ஜ், 140 மைல் என்று காட்டியது. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். "முன்னால் வைத்திருந்தவர் விரட்டி ஓட்டுகிறவர், வண்டி அவர் பழக்கத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது, நீங்கள் ஒரு வாரம் ஓட்டினால் ஏறிவிடும்" என்றார். இதில் பாதி உண்மை, அதுதான் வினை. ஓட்டும் விதத்தைப் பொறுத்து அந்த மைல் கணக்கு மாறத்தான் செய்யும். தலையாட்டிவிட்டேன்.

61-க்கு 140 என்றால் 100-க்கு 230, அதாவது சின்ன பேட்டரி. ஐந்தாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. நான் அதைப் போட்டது, வீட்டில் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றி மறுநாள் காலையில் திரையைப் பார்த்தபோது.

அடுத்தது வரிச் சலுகை. பழைய மின்வண்டிக்கு 4,000 டாலர் வரை திரும்பக் கிடைக்கும் என்று அதையும் விலைப் பேச்சில் சேர்த்துக்கொண்டார். அப்போது அப்படி ஒரு சலுகை இருந்தது உண்மைதான். ஆனால் 25,000 டாலருக்கு மேல் போன வண்டிக்குக் கிடையாது. என் கணக்காளர் சிரித்தே விட்டார். (2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு அந்தச் சலுகையே இல்லை. யாராவது இன்னும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.)

மூன்றாவது, 10,000 பவுண்டு டிரெய்லரை இழுக்கும் என்றார். அது பெரிய பேட்டரியோடு தனி டோயிங் பேக்கேஜும், அதாவது டிரெய்லர் இழுப்பதற்கான கூடுதல் வசதியும், சேர்ந்த வண்டிக்கு. என்னுடையதில் இரண்டும் இல்லை, 5,000-தான். அதற்குள் அடங்குகிற சின்ன கேம்பர் (தங்கிப் படுக்கிற டிரெய்லர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து சான் அன்டோனியோ பக்கம் கிளம்பினோம். டிரெய்லர் மாட்டினால் தூரம் பாதியாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன், பாதியேதான் ஆனது. மூன்று மணி நேரப் பயணம் ஆறரை மணி நேரம் இழுத்தது. சார்ஜ் போட நான் நின்ற இரண்டு இடங்களிலும் டிரெய்லரோடு நுழைய வழியில்லை. கழற்றி ஓரமாக விட்டு, சார்ஜ் போட்டு, திரும்ப மாட்ட வேண்டும். மார்ச் வெயிலுக்கே இப்படி. பின் சீட்டில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

வண்டியைச் செய்தவர்கள் மேல் குறையில்லை என்றேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து இந்தப் பக்கம் இருபது லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்களுக்கு மூன்று நாள். வண்டியிலிருக்கும் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் ஒயரைச் செருகி ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், வைஃபை எல்லாம் ஓட்டினோம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் இன்சுலினும் எங்கள் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. சத்தமில்லை, புகையில்லை. ஆனால் வாங்கும்போது "வீடு முழுக்க ஓடும்" என்றார்களே, அதற்கு வீட்டில் தனிக் கருவி பொருத்த வேண்டும். அந்தச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினசரி வேலைக்கு வீட்டிலேயே சார்ஜ் போட்டு ஓட்டுவதில் பெட்ரோல் செலவு மிச்சம்தான். அதில் 200 டாலரை ஆண்டுக்கொரு முறை டெக்சாஸ் மின்வண்டிக் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது.

டீலரிடம் திரும்பப் போனபோது, ஜன்னலில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள்: 'ஆஸ் இஸ்'. இருக்கிறபடியே விற்பனை. வாய்ப்பேச்சு வாக்குறுதிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதே தாளில் அச்சடித்திருக்கிறது. கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதை யார் படித்தது? விளம்பரத்தையும் அதற்குள் எடுத்துவிட்டார்கள். நான் ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கவில்லை. மச்சானுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய லிங்க்கில் படமும் விலையும் மட்டும் மிஞ்சியிருந்தன. மாநில மோட்டார் வாகனத் துறைக்கு அவற்றையே அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் போனால், வண்டியின் அடையாள எண்ணை, அதாவது வின் நம்பரைக் கொடுத்து, வண்டி புதிதாக இருந்தபோது ஒட்டியிருந்த விலைத்தாளை எடுத்துப் பாருங்கள். பேட்டரி எது, டோயிங் பேக்கேஜ் உண்டா என்பது அதில் இருக்கும். 452 குதிரைத்திறன் என்றால் சின்னது, 580 என்றால் பெரியது. நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். ஏற்றவில்லை என்றால் இறங்காதீர்கள்.

போன வாரம் அதே டீலர் இன்னொரு பிக்கப்பை அதே 'எக்ஸ்டெண்டட் ரேஞ்ச்' வரியோடு போட்டிருந்தார். பெயர் சொல்லாமல் போன் செய்து பேட்டரி எத்தனை கிலோவாட் மணி என்று கேட்டேன். நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார்.