பிரிட்ஸா, மோபோவா: பிரிட்டிஷ் சோலுக்கு எந்த மேடை?

சோல் என்பது கறுப்பின வேருள்ள, உருக்கமாகப் பாடும் இசை வகை. பிரிட்டனில் அதற்கு இரண்டு விருது மேடைகள்: பிரிட்ஸ், மோபோ. கன்யா கிங் 1996-இல் தொடங்கிய மோபோ ('மியூசிக் ஆஃப் பிளாக் ஆரிஜின்'), பாடுபவரின் நிறத்தைப் பார்ப்பதில்லை. இசையின் கறுப்பின வேரைத்தான் பார்க்கிறது. 2007-இல் வெள்ளையரான பாடகி ஏமி வைன்ஹவுஸுக்கு அங்கே விருது கிடைத்தது அப்படித்தான். ஆனால் 2018, 2019-இல் விழாவே நடக்கவில்லை.

பிரிட்டனின் பெரிய இசை விருதான பிரிட்ஸுக்கு வீச்சு அதிகம். சிக்கல் விருதுகளை வகை பிரிப்பதில். சோலையும் ராப்பையும் 'அர்பன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். 2005-இல் அந்த விருது வெள்ளையரான ஜாஸ் ஸ்டோனுக்குப் போனது. பாட்டில் குறையில்லை, பிரிவுதான் கோணல். 2022-இல் பாப்போடு, சோலின் நெருங்கிய உறவான ஆர்&பி-யைச் சேர்த்து ரசிகர் வாக்குக்கு விட்டார்கள். கூட்டம் பாப் பக்கம்தானே? அந்த ஆண்டு வென்றது பாப் பாடகி துவா லிபா, அடுத்த ஆண்டு பாப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ். 2024-இல் ஆர்&பி-யைத் தனியாகப் பிரித்த பிறகே பாடகி ரே அதில் வென்றார்.

புதிய சோல் பாடகருக்கு முதலில் மோபோதான் சரி. அங்கே ஆர்&பி, சோலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.